12 ரூபாய்க் கத்தியும் 11,400 ரூபாய்க் கத்தியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பேன் என்று என் மேல் பழைய புகார் உண்டு. இங்கே மணியும் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பேத்திக்கு வளைகாப்பு. தாம்பூலப் பைக்கான சாமான்கள் 8 பெட்டிகளில் வந்து மண்டபத்தில் இறங்கின. ஒவ்வொரு பெட்டியிலும் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். 200 பேர் இருந்த இடத்தில் அதை அறுக்க ஒருவரிடமும் எதுவும் இல்லை. ஒருவர் பைக் சாவியை வைத்து ராவினார். இன்னொருவர் பல்லால் இழுத்தார், அதுவும் கட்டிய பல். நான் கைப்பையிலிருந்து என் பேனாக்கத்தியை எடுத்து 8 பெட்டியையும் அறுத்துக் கொடுத்துவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அதை யாரோ படம் பிடித்து, அண்ணன் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ரவுடி அத்தை" என்று தலைப்புப் போட்டுவிட்டான். சிரித்தேன். நானே அதை எடுத்து இங்கேயும் போட்டேன். அதற்கு வந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"டீச்சர், கத்தி துருப்பிடிச்சுக் கறுத்துக் கிடக்கு, தூக்கிப் போடுங்க." "அத்தை, டெட்டனஸ் வந்துடப் போகுது." "ஒரு பெண்பிள்ளை, அதுவும் வாத்தியார் வேலை பார்த்தவங்க, பையில கத்தி வச்சுக்கிட்டுத் திரியலாமா?" பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கும் என் மாணவன் ஒருவன், பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும், "டீச்சர், இந்த ஓட்டைக் கத்தி உங்களுக்கு வேண்டாம், நல்லதா ஒண்ணு அனுப்பறேன்" என்று ஒரு இணைப்பைப் போட்டிருந்தான். திறந்து பார்த்தேன். விலை 11,400 ரூபாய். கறுப்புப் பூச்சு, பெல்ட்டில் மாட்டக் கொக்கி, கட்டைவிரலால் தட்டினால் தானே திறக்கும் வசதி.

தம்பி, உன் அன்புக்கு நன்றி. ஆனால் நீ சொன்னது தப்பு. உனக்கு ஒன்பதாம் வகுப்பில் உலோகவியல் நடத்தியவள் நான்தான் என்பதால் இந்தத் தப்பில் எனக்கும் பங்கு இருக்கலாம். அதனால் திரும்ப நடத்துகிறேன்.

என் கத்தியை 1991இல் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் வாங்கினேன். ராட்டினத்துக்கு அந்தப் பக்கம் கொல்லர்கள் சாக்கு விரித்து அரிவாள், களைக்கொட்டு, பாக்குவெட்டி எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். விலை 12 ரூபாய். மாட்டுக் கொம்பில் பிடி, பித்தளை ஆணி, இரண்டரை அங்குல அலகு. "எதுல அடிச்சதுண்ணே?" என்று கேட்டதற்கு "தேஞ்ச அரம்மா, ஏமாத்து இல்ல" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் முழு உலோகவியலும் இருக்கிறது.

அரம் இரும்பையே ராவுகிற கருவி. அதில் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். கிராமத்து அரிவாளுக்கு லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை எடுப்பார்கள். அதில் சுமார் 0.6 சதவீதம். அடி வாங்கினாலும் உடையக்கூடாத அரிவாளுக்கு அது போதும். மெல்லிய கூர் வேண்டிய சின்னக் கத்திக்கு அரம்தான் பொருத்தம். அந்தக் கொல்லர் சதவீதம் படித்தவர் இல்லை. எந்தச் சாமானுக்கு எந்தக் குப்பையை எடுக்கவேண்டும் என்று தெரிந்தவர்.

அலகை அடித்து உருவாக்கியதும் சுமார் 800 டிகிரிக்குச் செக்கச்செவேலென்று காய்ச்சி, சட்டென்று முக்குவார்கள். எஃகு கண்ணாடி மாதிரி கடினமாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் உடையும். அதனால் மறுபடி 200 டிகிரி பக்கம் இளஞ்சூடு காட்டி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். பட்டறையில் வெப்பமானி கிடையாது. ராவிப் பளபளப்பாக்கிய அலகில் வைக்கோல் நிறம் படர்வதைக் கண்ணால் பார்த்து நிறுத்துவார்கள். நீலத்துக்குப் போய்விட்டால் கூர் நிற்காது. கத்தியின் தரம் முக்கால்வாசி இங்கே, இந்தச் சில நிமிடங்களில், முடிவாகிவிடுகிறது. பெட்டி, பூச்சு, கொக்கி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. 11,400 ரூபாயில் பெரும்பகுதி அவற்றுக்குத்தான் போகிறது.

நியாயமாகப் பேசவேண்டும். விலை உயர்ந்த கத்திகளில் சிலவற்றுக்கு இன்று தூள் உலோக முறையில் செய்த எஃகு வருகிறது. அது என் கத்தியைவிடப் பல மடங்கு நேரம் கூர் தாங்கும். மறுக்கவில்லை. ஆனால் மழுங்கினால்? வீட்டுக் கல்லில் எளிதில் தீட்டமுடியாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். என் கத்தி மழுங்கினால் அம்மிக்குப் பக்கத்தில் கிடக்கும் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம். அப்புறம் கனம். நீ அனுப்பிய இணைப்பில் அலகின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஆப்பிளில் இறக்கினால் அது அறுக்காது தம்பி, ஆப்பாகப் புகுந்து பிளக்கும். கூர்மை என்பது ஓரத்தில் மட்டும் இருப்பதில்லை. ஓரத்துக்குப் பின்னால் எவ்வளவு உலோகம் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதிலும் இருக்கிறது.

"அதெல்லாம் உங்க ஊர்க் கொல்லர் பெருமை டீச்சர்" என்பாய். சரி, பிரான்சுக்குப் போவோம். கிரெனோபிளில் ஆராய்ச்சி செய்யும் என் மாணவி 2016இல் ஊருக்கு வந்தபோது ஒரு ஒப்பினெல் கத்தி கொண்டுவந்து கொடுத்தாள். அங்கே கடையில் 10, 15 யூரோ. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சவோய் பகுதியில், கோடரியும் கத்தரிக்கும் கத்தியும் செய்கிற கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த கத்தி அது. 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு 12 அளவுகளில் செய்தார். அவளது 8ஆம் எண், அலகு எட்டரை சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பீச் மரப் பிடி, அலகு, ஒரு ரிவிட், ஒரு உலோகப் பட்டி, அதன் மேல் சுழலும் பூட்டு வளையம். மொத்தம் 5 உறுப்புகள். அந்தப் பூட்டு வளையமும் 1955இல்தான் சேர்ந்தது. அதுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் விவசாயிகளும் இடையர்களும் பூட்டே இல்லாமல் அதை வைத்துக்கொண்டு ரொட்டி அறுத்தார்கள், குச்சி சீவினார்கள். 1985இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் அழகான 100 பொருள்கள் என்று காட்சிக்கு வைத்தவற்றில் இந்தக் கூலிக்காரக் கத்தியும் ஒன்று.

அதற்கும் குறை உண்டு. நம் ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறிப் பருத்து, அலகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். பிடியின் அடிக்கட்டையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும், அங்கேயும் அப்படித்தான் செய்கிறார்களாம். இப்போது துருப்பிடிக்காத எஃகிலும் அதைச் செய்கிறார்கள். அவள் கேட்டுக் கேட்டு எனக்காகக் கார்பன் எஃகிலேயே வாங்கிவந்தாள். அவள் என் வகுப்பைக் கவனித்தவள்.

இப்போது அந்தக் கறுப்பு விவகாரம். படத்தில் பார்த்தது துரு இல்லை. எலுமிச்சை, மாங்காய், வாழைக்கறை, இவற்றில் உள்ள அமிலமும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய கருநீலப் படலம். செந்துரு பொரிப் பொரியாக உதிர்ந்து இரும்பைத் தின்றுகொண்டே போகும். இந்தக் கறுப்பு ஒட்டிக்கொண்டு, அந்தச் செந்துருவை ஓரளவு தடுக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பதை வைத்துத்தான் முன்னோர் கடுக்காயில் மை காய்ச்சினார்கள். மாங்காய்த் துண்டில் கறை ஏறும், கொஞ்சம் இரும்பு வாசமும் வரும், அது பிடிக்காதவர்கள் மாங்காய்க்கு வேறு கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் போதும். டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியிலிருந்து வருகிறது. இதையும் நடத்தினேன். பரீட்சையில் கேட்கவில்லை, அதனால் மறந்துவிட்டீர்கள்.

"வாத்தியார் பையில் கத்தியா" என்று கேட்ட உறவுக்கு ஒரு செய்தி. இதற்குப் பேனாக்கத்தி என்று பேர் வந்ததே இறகுப் பேனாவைச் சீவியதால்தான். அதற்கும் முன்னால் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு பக்கம் ஓலையில் எழுத எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். மடக்குக் கத்தி வாத்தியாரின் சாமான். ரவுடி பிறகு வந்தவன்.

ஆனால் இந்த விஷயத்தில் நான் ரொம்பச் சத்தமாகப் பேச முடியாது. காரணத்தைச் சொல்கிறேன். என்னுடன் வேலை பார்த்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

1996. பெரியகுளம் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. பை சோதனையில் ஒரு பையனிடம் மடக்குக் கத்தி கிடைத்தது. அந்த வருடம் வேறு ஒரு ஊரில் மாணவர்கள் சண்டையில் கத்தி வந்ததாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நான் அவனை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. கத்தியைப் பிடுங்கி மேசை அறையில் போட்டுப் பூட்டினேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் வரலாம் என்று வெளியே நிறுத்தினேன். அப்போது என் கைப்பையில் வீரபாண்டிக் கத்தி இருந்தது. அது எனக்கு அன்றைக்கு உறுத்தவே இல்லை.

அவன் அப்பா நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். நாற்றுப்பண்ணையில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். பையனும் காலையில் பள்ளிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் அவருடன் ஒட்டுக் கட்டிவிட்டு, அப்படியே பையோடு வருவான். கத்தி அவருடையது. ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர்ச்செடியின் தலையைச் சீவிவிட்டு நடுவில் பிளந்து, ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி உள்ளே இறக்கி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றவேண்டும். சீவல் ஒரே இழுப்பில் வழவழவென்று விழவேண்டும். மழுங்கின கத்தி பட்டையை நசுக்கிவிடும், இரண்டு பச்சையும் ஒட்டாமல் இடையில் காற்று நிற்கும், குச்சி கருகிவிடும். கட்டின கன்றுக்குத்தான் கூலி. அந்த நான்கு நாளும் அவர் வேறொருவர் கத்தியைக் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். பாதி பிடிக்கவில்லை.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. "தப்புத்தாங்கம்மா, இனிமே கொண்டாரமாட்டான்" என்றார். நான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவுடன் விரித்து, கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக வைத்து இழுத்துப் பார்த்தார். நாங்கள் யாரும் பேப்பர் கீறி, டப்பா திறந்து அதைக் கெடுத்துவிட்டோமா என்று பார்த்தார். சரியாக இருந்தது. மடக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். அந்தப் பையன் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. கத்தியால்தான் படிப்பை விட்டான் என்று சொல்லமாட்டேன், வீட்டில் ஆயிரம் கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் ஒரு நாள்கூட வாய் திறந்து பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் செய்ததை ஜப்பானில் ஒரு தேசமே செய்திருக்கிறது. இதை ஓசாகாவில் இருக்கும் மாணவன் சொல்லித்தான் முதலில் கேட்டேன், பிறகு தேடிப் படித்தேன். ஹியோகோ மாகாணத்தில் மிகி என்ற கொல்லர் ஊர். அங்கே 1890களில் பிறந்தது ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி. ஒரே தகட்டை மடித்துச் செய்த பிடி, அலகு, ஓர் ஆணி. ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலில் ஒரு சிறு நெம்பு, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் அதுதான் பூட்டு. ஜப்பானியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதில்தான் பென்சில் சீவினார்கள், மூங்கிலில் பொம்மை செய்தார்கள். 1960 அக்டோபரில், டோக்கியோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். குத்தியது வாள். ஆனால் பிள்ளைகள் கையில் கூரான எதுவும் கூடாது என்று நாடெங்கும் இயக்கம் கிளம்பியது. பள்ளிக்கூடங்கள் பென்சில் சீவும் கத்தியைப் பிடுங்கின. மிகியில் பட்டறைகள் வரிசையாக மூடின. இன்று ஹிகோனோகாமி என்ற பெயரைப் பொறிக்க உரிமை உள்ள பட்டறை ஒன்றே ஒன்று.

அதே ஜப்பானில் நாகானோ மாகாணத்து இகேதா என்ற சிற்றூரில் ஒரு தொடக்கப்பள்ளி, முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கத்தி ஒன்றைக் கொடுத்துப் பென்சில் சீவப் பழக்கிவந்திருக்கிறது. 6 வயதுப் பிள்ளைகளுக்கு! நம் ஊரில் இதைச் சொன்னால் பெற்றோர் சங்கம் என்னைச் சும்மா விடுமா?

சட்டம் என்று ஒருவர் பயமுறுத்தியிருந்தார். நம் ஆயுதச் சட்ட விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றி, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு இருக்கிறது. என்னுடையது இரண்டரை அங்குலம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகக்கூடாது, சரி. ஒரு தடவை மறந்துபோய் எடுத்துச் சென்று, பாதுகாப்புப் பெண்ணிடம் திட்டு வாங்கி, வழியனுப்ப வந்த தம்பி வீட்டுக்காரியிடம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். விதி விதிதான்.

மலிவானது எல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு 60 ரூபாய்க்குத் தொங்குகிறதே, சிவப்புப் பிடியில் திருகாணி, கத்தரி, பல்குத்தி எல்லாம் வைத்து, அது கத்தியே இல்லை. தகரம். இரண்டு தக்காளி அறுத்தால் மூன்றாவது தக்காளியில் வழுக்கி விரலில் இறங்கும். மழுங்கின கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்துகிறோம். சோதிப்பது எளிது. பழைய அரம் ஒன்றை அலகின் ஓரத்தில் இலேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரியாகத் தோய்த்த எஃகு. கடித்து இழுத்தால் மெத்து. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். இன்னொன்று, சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று, அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். பொறி பறக்கப் பறக்க ஒரே மூச்சாகப் பிடித்து ஓரம் நீலமாகிவிட்டால், கொல்லர் செய்த தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம்.

எனக்கு வயிற்றெரிச்சல் உன் 11,400 ரூபாய் மேல் இல்லை தம்பி. நீ சம்பாதித்த காசு, நீ கத்தி வாங்கு, வாட்ச் வாங்கு. நல்ல கத்தி என்றால் விலை இருக்கும், விலை இல்லாதது ஓட்டை என்று எங்கே படித்தாய் என்பதுதான் என் கேள்வி. திருவிழாவில் எனக்குக் கத்தி கொடுத்தவரைத் தேடிப் போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் போனேன். அவர் இல்லை. மகன் இருக்கிறார், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். துருத்தி கொல்லைப்புறத்தில் மழையில் கிடக்கிறது. "மடக்குக் கத்தியெல்லாம் யாரு டீச்சர் கேக்குறா? கேட்டாலும் 300 ரூபாயான்னு திரும்பிப் போயிடுறாங்க" என்றார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் மூன்றோ நாலோதான் செய்ய முடியுமாம். அதே ஆட்கள் போகிற வழியில் கடையில் 300 ரூபாய்க்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் உட்படச் சொல்கிறேன், 12 ரூபாய் சொன்னதற்கு அன்றைக்கு 10 ரூபாய்க்குக் கேட்டவள் நான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், பக்கத்து ஊரில், அரத்திலோ நல்ல பட்டையிலோ மடக்குக் கத்தி அடித்துத் தருகிற கொல்லர் யாராவது இன்னும் இருந்தால் ஊர்ப் பெயரை மட்டும் பின்னூட்டத்தில் போடுங்கள். அவர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். எனக்கு 6 கத்தி வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் அம்மாக்கள் இப்போதே கோபப்பட ஆரம்பிக்கலாம். சொல்லுகிற விலை கொடுக்கிறேன்.

பெங்களூர்த் தம்பி, நீ எதையாவது அனுப்பியே தீருவேன் என்றால் 1000 நம்பர் தீட்டுக்கல் ஒன்று அனுப்பு. வீட்டுக் கல் நடுவில் குழிந்துவிட்டது.